மரியசெல்வி அக்கா உலுக்கிப் பார்த்த சிலிண்டர்

மரியசெல்வி அக்காவிடம் அடி வாங்கியவர்களை எண்ணினால் இரண்டு கை விரலும் போதாது. மேட்டுப்பட்டியில் வாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டு எடுக்க மாட்டேன் என்ற ஒருவன், காலி பாட்டிலுக்குள் பீடித் துண்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்த டீக்கடைக்காரர், சொந்தத் தம்பி இருதயநாதன், கட்டிய கணவர் சார்லஸ், நான். என் பெயர் ரொனால்டு. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். எனக்கு விழுந்த அறை இடது கன்னத்தில். அது நியாயமான அறை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. தொழில் கோலி சோடா. அது சாந்தமான தொழில் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய பாட்டிலை இரும்புக் கூண்டில் மாட்டி, சிலிண்டரிலிருந்து கேஸைத் திறந்துவிட்டு, கூண்டைக் கையால் சுற்றுவார்கள். கேஸ் ஏற ஏற, உள்ளே கிடக்கும் கோலி எழும்பி வந்து கழுத்தை அடைத்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு பாட்டில் தாங்காமல் வெடிக்கும். அக்காவின் வலது சுண்டுவிரலில் மேல் கணு கிடையாது. தாடையில் ஒரு தழும்பு, புருவத்தில் இரண்டு. அவரிடம் இருந்த கோபமும் அந்த வேலையில் ஏறியதுதான் என்று சார்லஸ் சொல்வார். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. சின்ன வயதிலேயே பங்குச்சாமியாரின் சைக்கிளைக் குப்புறத் தள்ளியவர் அவர்.

அவருக்குப் பெருமை தன் காது. சோடா சிலிண்டருக்குள் கேஸ் வெறும் கேஸாக இருப்பதில்லை. அழுத்தத்தில் திரவமாகிக் கிடக்கும். சிலிண்டரின் தோளைப் பிடித்துச் சாய்த்து ஓர் உலுக்கு உலுக்கினால் 'களக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே முழுசா, பாதியா, அடியில் கொஞ்சம்தானா என்று சொல்லிவிடுவார். பன்னிரண்டு வருடமாகத் தப்பியதில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் தோளிலும் அதன் காலி எடையைக் கொத்தியிருப்பார்கள். தராசில் வைத்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு தராசு வாங்கலாம் என்று சார்லஸ் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"காது கேக்காதவுகளுக்குத்தாங்க தராசு," என்பார் அக்கா.

இரண்டு வருடத்துக்கு முன்பு, சித்திரைக் கடைசியில், மேட்டுப்பட்டி வீட்டிலிருந்து தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குத் தொழிலை மாற்றினார்கள். பழைய இடத்தில் கருங்கல் சுவர். தரையில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். சித்திரையிலும் உள்ளே போனால் உடம்பு சில்லிடும். கேஸ் வண்டியும் அங்கே விடியற்காலையில் வந்துவிடும். புது இடம் வண்டியின் கடைசி நிறுத்தமாகிப்போனது. அதனால் உச்சி வெயிலில்தான் சிலிண்டர் வந்து இறங்கும். இந்த மாற்றத்தை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

வண்டி ஓட்டி வருபவர் மலைச்சாமி. அகரத்துக்காரர். முப்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். கொஞ்ச நிலத்தில் சம்பங்கி போட்டிருந்தார். அவர் மனைவி அய்யம்மாள் பூவைப் பார்த்துக்கொள்ள, இவர் கேஸ் ஏஜென்சி வண்டி ஓட்டினார்.

அதே வருடம் மே மாதம் ஒரு திங்கட்கிழமை, கொட்டகைக்கு வந்த பிறகு முதல் லோடு. பள்ளி விடுமுறை. நான் கொட்டகை வாசலில் நின்று பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வெயில் முப்பத்தொன்பது டிகிரி. மலைச்சாமி இரண்டு சிலிண்டரை இறக்கி வைத்தார். அக்கா ஒன்றைச் சாய்த்து உலுக்கினார். சத்தமே இல்லை. இன்னொரு தடவை உலுக்கினார். அடுத்ததை உலுக்கினார். அதுவும் ஊமை.

"ஏலே மலைச்சாமி, இதுக்குள்ள என்னா இருக்கு?"

"கேஸுக்கா. வேற என்ன இருக்கும்?"

"ரெண்டும் காலி. வழியில எவனுக்குலே ஏத்திவிட்டு வாரே?"

மலைச்சாமியின் முகம் சுருங்கிப்போனது. "ஆத்தா சத்தியமா இல்லக்கா. காலைல பிளான்ட்ல ஏத்துனது அப்படியே இருக்கு. தராசுல போட்டுப் பாருங்க. பக்கத்துலதான பழைய இரும்புக் கடை. செத்த நேரங்கூட ஆகாது."

"எங் காதவிட உனக்குத் தராசு பெருசாப் போச்சா?"

"நீங்க வராட்டி இருங்க, நானே கொண்டு போய்ப் போடுறேன்," என்று அவர் குனிந்து ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றப் போனார்.

சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறான் என்று அக்காவுக்குப் பட்டது. கையில் அப்போதுதான் கேஸ் ஏற்றிய பாட்டில். வீசிவிட்டார். அது சிலிண்டரின் கழுத்தில் பட்டு வெடித்தது. மலைச்சாமி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் கொட்டியது. இடது கண்ணில் கண்ணாடிச் சில்லு இறங்கியிருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. திருடன் என்ற சொல் காதில் விழுந்ததும் பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். கண்ணில் ரத்தம் வழிய உட்கார்ந்திருக்கும் மனிதனை விலாவில் மிதித்தார்கள். ஒருவன் ஸ்பேனரால் முதுகில் போட்டான். "தராசுல போடுங்க, தராசுல போடுங்க" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். நான் சோடா பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றேன். திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள் என்றே நானும் நம்பினேன்.

மறுநாள் மதியம் ஏஜென்சி முதலாளி காரில் வந்தார். அவரும் சிலிண்டரை உலுக்கிப் பார்த்தார். சத்தம் இல்லை. அங்கேயே போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் கண் கட்டோடு படுத்திருந்த மலைச்சாமியை வேலையிலிருந்து நீக்கினார். வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி வரவில்லை. அக்கா இரண்டு சிலிண்டரிலும் சாட்சிக்காக வெள்ளைப் பெயின்டில் ஒரு சிலுவை போட்டு முற்றத்தில் உருட்டிவிட்டார். நிறைந்த சிலிண்டரை வெயிலில் போடக் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இவைதான் காலிச் சிலிண்டர்கள் ஆயிற்றே.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அதில் ஒன்று வெடித்தது.

சிலிண்டரின் உடல் பிளக்கவில்லை. அதன் தலையில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் அது கிழிந்து வழி விடும். அன்றைக்கு அது கிழிந்தது. நான் அடுத்த தெருவில் என் வீட்டில் இருந்தேன், ஜன்னல் அதிர்ந்தது. ஓடிப் போய்ப் பார்த்தபோது சிலிண்டர் முற்றத்தைச் சுற்றிச் சுழன்று பாட்டில் பெட்டிகளை எல்லாம் நொறுக்கிவிட்டு, தகரச் சுவரைக் கிழித்து அதில் செருகிக்கொண்டு நின்றது. குழாயடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த சார்லஸின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தூளாகியிருந்தது. கத்திரி வெயிலில், உடைந்த கண்ணாடி மேலும் சார்லஸின் வேட்டி மேலும் வெள்ளை வெளேர் என்று பனித்தூள் கிடந்து புகைந்தது. சீறி வெளியேறிய கேஸ் குளிர்ந்து உறைந்த பனி அது. அதன் ஓரமெல்லாம் சிவப்பு. அக்கா அந்தப் பனியில் முட்டி போட்டு, புருஷனின் காலைத் தன் முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அழவில்லை. "காலி சிலிண்டருங்க, அது காலி சிலிண்டருங்க" என்று சார்லஸிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சார்லஸின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வெளியே கோடை மழை கொட்டித் தீர்த்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தம்பி இருதயநாதன் சுவரைக் குத்திக்கொண்டிருந்தான்.

"காலி சிலிண்டர் எங்கயாச்சும் வெடிக்குமா? மலைச்சாமி பயதான் ஆள விட்டு நெறஞ்ச சிலிண்டரா மாத்திப் போட்டிருக்கான். மாமாவக் கொல்லத்தான். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போயிட்டான்ல, நாளைக்கு அகரத்துல வச்சு அவன வெட்டுறேன்."

அக்கா சரி என்று தலையாட்டினார். நானும் அங்கேதான் இருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே என்னை ஓங்கி அறைய வேண்டும் போல் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, சார்லஸுக்கு மாற்றுத் துணி எடுக்க அக்கா கொட்டகைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காப்பி பிளாஸ்க்கோடு அங்கே போனேன். மழையில் முற்றம் குளிர்ந்து ஈரமாகக் கிடந்தது. மீதமிருந்த சிலிண்டருக்குப் பக்கத்தில் அக்கா சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

"சார், இங்க வாங்க. காதக் குடுங்க." சாய்த்து உலுக்கினார். களக்.

"திங்கக்கிழம நீங்களும்தான நின்னீங்க? கேட்டுச்சா?"

"இல்லக்கா."

"இப்ப?"

"கேக்குது."

"இது அதே சிலிண்டரு. எங் கையால போட்ட சிலுவ. கொத்துன நம்பரும் அதேதான், பில்லு வச்சுப் பாத்துட்டேன். எவனும் மாத்தல. அப்ப மழையில நனஞ்ச காலி சிலிண்டர்ல கேஸ் எப்படி வந்துச்சு?"

கரும்பலகையும் அதில் என் கையெழுத்தும் கண்ணில் வந்து நின்றன. கார்பன் டை ஆக்சைடு: நிலைமாறு வெப்பநிலை 31 டிகிரி. வருடா வருடம் எழுதுகிறேன். இரண்டு மதிப்பெண் கேள்வி, முக்கியம், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். அந்தக் கேஸ்தான் இந்தச் சோடாவில் இருக்கிறது என்பதும் தெரியும். இரண்டையும் ஒரு நாளும் சேர்த்து யோசித்ததில்லை.

அவருக்குச் சொன்னேன். "அக்கா, குளிர்ச்சியா இருந்தா இதுக்குள்ள கீழ தண்ணி மாதிரியும் மேல ஆவியாவும் ரெண்டு பங்கா இருக்கும். உலுக்குனா தண்ணி அலம்பும். சூடு ஏற ஏற தண்ணி லேசாகும், ஆவி கனமாகும். முப்பத்தோரு டிகிரி தாண்டிட்டா ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லாமப் போயிடும். எவ்வளவு அழுத்துனாலும் திரும்பத் தண்ணியாகாது. உள்ள ஒரே சீரா நெறஞ்சு நிக்கும். அலம்புறதுக்கு எடமும் இல்ல, தண்ணின்னு ஒண்ணும் இல்ல. அதான் சத்தம் கேக்காது. அதுக்கு மேல சூடாக்குனா அழுத்தம் கண்டபடி ஏறும்."

"அப்ப திங்கக்கிழம இது நெறஞ்சு இருந்துச்சா?"

"நெறஞ்சுதான் இருந்துச்சு."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பதினாறு வருஷமாப் பாடம் நடத்துறேன்க்கா."

அறை விழுந்தது. பிளாஸ்க் தெறித்துச் சேற்றில் உருண்டது. "கையில சோடாவ வச்சுக்கிட்டு வேடிக்க பாத்தீரேய்யா!" என்றார். அதற்கு மேல் என்னை அவர் கவனிக்கவில்லை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். அவன் நாலு பேரோடு கிளம்பி அகரத்தை நெருங்கிவிட்டிருந்தான். "நீ மாமாவப் பாரு" என்று கட் செய்துவிட்டான். அடுத்த அழைப்பை எடுக்கவே இல்லை.

கொட்டகையில் இருந்த பாதி ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, சிலிண்டரோடு ஆட்டோவில் ஏற்றினோம். வெடிக்காத அந்தச் சிலிண்டரை நனைந்த சாக்கால் பொத்தி, மடியில் கிடத்திப் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். வழியெல்லாம் மாதாவை வேண்டிக்கொண்டே வந்தார். தன் வாயால் மலைச்சாமி சாகப்போகிறான் என்று இடையிடையே சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலைச்சாமி சம்பங்கிக் காட்டின் வரப்பில் குப்புறக் கிடந்தார். கண் கட்டு அவிழ்ந்து தொங்கியது. இருதயநாதன் அவர் முதுகில் காலை வைத்து, கையில் அரிவாளோடு நின்றான். அய்யம்மாளை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். அவள் ஒருவன் கையைக் கடித்து ரத்தம் வரவைத்திருந்தாள். ஊர்க்காரர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூடியிருந்தார்கள். அரிவாளைப் பார்த்து யாரும் தாண்டி வரவில்லை.

அக்கா ஓடிப் போய்த் தம்பியின் முகத்தில் ஒன்று வைத்தார். அவன் தடுமாறிப் பின்னால் போனான்.

"அவன் மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதக் கேளுலே." சாக்கை விலக்கிச் சிலிண்டரை உலுக்கினார். களக்.

"சத்தம் வருதுல்ல? அதான் நெறஞ்ச சிலிண்டரா மாத்தி வச்சிருக்கான்னு சொன்னேன்," என்றான் இருதயநாதன்.

"மாத்தல. இப்ப உங் கண்ணு முன்னாடி இது ஊமையாகும். ஒருத்தரும் தொடக் கூடாது. எல்லாரும் தள்ளிப் போங்க. நேத்து இதுல ஒண்ணுதான் எம் புருஷன் காலத் தின்னுச்சு."

கிணற்றடிப் பாறையில், வெயிலில், சிலிண்டரைப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மழை பெய்த சுவடே இல்லாமல் வெயில் காய்ந்தது. நான் தூரத்தில் நின்றபடி, ரொம்பச் சூடாக விடாதீங்க அக்கா, ரொம்ப வேண்டாம் என்று கத்தினேன். அவர் உள்ளங்கையைச் சிலிண்டர் மேல் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உலுக்கினார். முதலில் களக். பிறகு மெலிந்த களக். பிறகு காதை ஒட்டி வைத்தால் கேட்கும் ஒரு சின்ன அசைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தம்பியைக் கை காட்டிக் கூப்பிட்டு, அவன் காதைப் பிடித்துச் சிலிண்டரோடு அழுத்தி உலுக்கினார். ஒன்றும் இல்லை.

"கேஸ் எங்கலே போச்சு? எவன் எடுத்தான்? நீ எடுத்தியா, நான் எடுத்தேனா?"

இருதயநாதன் அவனே இரண்டு முறை உலுக்கினான். அக்கா ஐஸ் சாக்கைச் சிலிண்டர் மேல் போர்த்தினார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் உலுக்க, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கே கேட்கும்படி சத்தம் வந்தது. இருதயநாதன் கையில் இருந்த அரிவாளைப் பார்த்தான். பிறகு அதை வரப்பில் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டான். அய்யம்மாளைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

அக்கா மலைச்சாமியிடம் போனார். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. அதில் பார்வை வராது என்று டாக்டர்கள் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"மலைச்சாமி, பொய் சொன்னது எங் காது. நீ இல்லப்பா."

அவர் பதில் சொல்வதற்குள் அய்யம்மாள் மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காம்பால் அக்காவின் வலது தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இருதயநாதன் பாய்ந்து எழுந்தான். "நில்லுலே!" என்று அக்கா கத்தினார். அய்யம்மாள் மறுபடி ஓங்கினாள். அக்கா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் அவர் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். இரண்டாவது அடி அதே இடத்தில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கும்போது மலைச்சாமி அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் அய்யம்மா."

பிறகு இருக்கிற ஒரு கண்ணால் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"தராசுல போடத்தானக்கா சொன்னேன்," என்றார்.

மரியசெல்வி அக்கா அந்தப் பாறையில் உட்கார்ந்து அழுதார். ஊரே பார்க்க, மூக்கு ஒழுக, வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். என்னை யாரும் கவனிக்கவில்லை, அதுவும் சரிதான்.

சார்லஸ் இப்போது செயற்கைக் கால் வைத்து நடக்கிறார். கொட்டகையில் தராசு வந்துவிட்டது. தகரத்துக்குக் கீழே ஓலை வேய்ந்து, சிலிண்டர் வைக்கத் தனியாக ஒரு இருட்டு அறையும் கட்டியிருக்கிறார்கள். அக்காவின் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. இனி பாட்டில் வீச முடியாது. ஏஜென்சி முதலாளி மலைச்சாமியைத் திரும்பக் கூப்பிட்டார். ஒற்றைக் கண்ணோடு வண்டி ஓட்ட அவர் போகவில்லை. அக்கா தன்னிடம் வேலைக்கு வரச் சொன்னதற்கும் மாட்டேன் என்றுவிட்டார்.

அதனால் சனிக்கிழமைதோறும் அக்காவே அகரத்துக்குப் போகிறார், கோயில் மாதாவுக்குச் சம்பங்கி வாங்க. அவரைக் கண்டதும் அய்யம்மாள் காட்டுக்குள் போய்விடுவாள். மலைச்சாமி பூவை அள்ளித் தராசில் போடுவார். முள் நிற்கும்வரை காத்திருந்து, தராசை அப்படியே அக்கா பக்கம் திருப்பி வைப்பார்.

"பாத்துக்கங்கக்கா," என்பார்.

வாராவாரம் இதேதான். ஒரு தடவைகூட அவர் தராசைத் திருப்பாமல் பூவைக் கொடுத்ததில்லை.